பரிமளாவிடம் வந்து தங்கிய உறைபனி

மானிச்சோலைப் புல்மேட்டில் உறைபனி விழாமலே போன அந்த வருடம், தை பிறந்த மூன்றாம் நாள் விடியற்காலையில், மேட்டுக்கு வர வேண்டியிருந்த உறைபனி அங்கே தங்க இடமில்லாமல் சரிவில் இறங்கி, தேயிலைத் தோட்டங்களைத் தொடாமல் கடந்து, எட்டாம் மைல் என்ற ஊருக்கு வந்து, தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஒன்பதாவது வீட்டின் கதவிடுக்கில் நுழைந்து, ஜீப் டிரைவர் சிவகுருவையும் அவனுடைய ஆறு வயது மகள் மித்ராவையும் தாண்டிப் போய், சுவரோரம் படுத்திருந்த அவன் மனைவி பரிமளாவின் மேல் படிந்து அங்கேயே தங்கிவிட்டது.

அவள் எழுந்தபோது தலைமுடி முழுக்க வெள்ளை, புருவத்திலும் இமையிலும் வெள்ளை, போர்வை தகரம் மாதிரி விறைத்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்த சிவகுரு, "என்ன பரிமளா, ஒரே நாள்ல நரைச்சுப் போயிட்ட?" என்று கேட்டு முடியைத் தொட்டான். அது உப்புப் போலப் பொடிந்து உதிர்ந்தது. அவன் விரல் நுனி சுரீரென்றது.

"நரை இல்லைங்க, பனி" என்றாள் பரிமளா.

"உடம்புக்கு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. குளிரக்கூட இல்லை."

"அப்பச் சரி" என்று சொல்லி அவன் வெந்நீர் வைக்கப் போனான், ஏனென்றால் ஏழரை மணிக்கு அவன் ஜீப் பஜாருக்குக் கிளம்ப வேண்டும், அவளும் ஏழு மணிக்கெல்லாம் சரணாலயத்து கேட்டில் நிற்க வேண்டும், உறைபனி வந்தாலும் வராவிட்டாலும் வேலைக்கு நேரம் நேரம்தான்.

அவள் வேலை மரக்கன்று பிடுங்குவது. மானிச்சோலை ஒரு காப்புப் புல்வெளி. இருபத்திரண்டு மடிப்புகளாக மடிந்து கிடக்கும் அந்த மேட்டில், மடிப்புகளின் இடுக்குகளில் மட்டும் இருட்டுப் பிடித்த சோலைகள், மற்றதெல்லாம் இடுப்பளவு புல், புல்லுக்கு நடுவே சதுப்பு, சதுப்பிலிருந்து கசியும் ஓடைகள், பாறை ஓரங்களில் வரையாடுகள். அரசாங்கம் அதைச் சுற்றிக் கல் நட்டு, வேலி போட்டு, கேட் வைத்து, பூட்டுப் போட்டிருந்தது. ஆனால் அந்த மேட்டை இத்தனை காலமாகப் புல்லாகவே வைத்திருந்தது கல்லும் அல்ல, பூட்டும் அல்ல, உறைபனிதான். கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் விடியற்காலைகளில் அது வெள்ளைத் துப்பட்டி மாதிரி மேடு முழுக்க விரிந்துகிடக்கும். வெயில் ஏறியதும் உருகும். உருகும்போது, புல்லுக்கு நடுவே தெரியாமல் தலைநீட்டிய மரக்கன்று எதுவானாலும் அதன் குருத்தைக் கருக்கிவிட்டுத்தான் போகும். புல் மட்டும் சாய்ந்து, பழுத்து, மழை வந்ததும் அடியிலிருந்து மறுபடி எழுந்துகொள்ளும்.

நான்கு வருடமாக அது குறைந்துகொண்டே வந்தது. முதல் வருடம் நாற்பது நாள், அடுத்த வருடம் பதினெட்டு நாள், அதற்கடுத்த வருடம் ஐந்து நாள், பிறகு ஒன்றுமில்லை. அது இல்லாத தைரியத்தில், எந்தக் காலத்திலோ விறகுக்கென்று யாரோ கொண்டுவந்து நட்ட சீகை மரம், வேலிக்கு வெளியிலிருந்து விதையை வீசி வீசி உள்ளே வந்தது. அதைப் பிடுங்கத்தான் எட்டாம் மைலிலிருந்து ஏழு பெண்களைக் கூலிக்கு வைத்திருந்தார்கள். காலையில் ஒரு மடிப்பைப் பிடுங்கி முடித்து நிமிர்ந்தால், பின்னால் பிடுங்கிய மடிப்பில் அடுத்த கன்று நிற்கும்.

உறைபனி தன்மேல் வந்த அன்றைக்கும் பரிமளா மற்ற ஆறு பேரோடு ஆறாம் மடிப்பில் குனிந்து நின்றாள். நடுவில் இளைப்பாற உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் அகலத்துக்குத் தரை வெளுத்தது. பத்து மணி வெயில் பட்டதும் அந்த வட்டத்துக்குள் இருந்த சீகைக் கன்றுகள் எல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துத் தலைதொங்கின. புல் சற்று யோசித்துவிட்டு நிமிர்ந்தது.

ஏழு பேரில் மூத்தவளான மரகதம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இந்தாடி பரிமளா, நீ இனிமே குனியாத. சும்மா நட. கையை வெச்சுப் பிடுங்குற வேலையை நாங்க பாத்துக்குறோம்."

பாரஸ்டர் போஜன் வந்தார். அந்த மேட்டுக்கு அடுத்த ஹட்டி என்கிற படகர் கிராமத்தில் பிறந்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கியிருந்த மனிதர் அவர். வெள்ளை வட்டத்தைச் சுற்றி நடந்தார், குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், கண் கலங்கியது, அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார்: 'இன்று ஆறாம் மடிப்பில் உறைபனி. பரப்பு: ஒரு பெண்.'

எட்டாம் மைல் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் கரண்ட் போவதும் வருவதும் யார் கையிலும் இல்லாததால், துணை சுகாதார நிலையத்து ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு வாரத்துக்குள் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "பரிமளா, இதை உன் தலைமாட்டுல வெச்சுக்கோ, புதன்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று வைத்துவிட்டுப் போனாள். கீழிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருபவர் விற்காத மீனை அவள் வாசலில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் டம்ளரில் சர்பத்தை ஊற்றி வந்து அவள் விரலை அதில் ஒரு நிமிடம் நனைக்கச் சொல்லிக் கேட்டார்கள். பஸ் கண்டக்டர் அவளுக்கென்று கடைசி ஜன்னல் சீட்டை ஒதுக்கினார், அந்தக் கண்ணாடி மட்டும் எப்போதும் வெளுத்திருந்தது. மாரியம்மன் கோயில் கமிட்டியில் இப்படிப்பட்டவளைக் கோயிலுக்குள் விடலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. பூசாரி சிரித்தார். "அம்மனுக்கு நாம எதுக்கு இளநீரும் வேப்பிலையும் கொடுக்குறோம்? குளுமைக்குத்தானே? அந்தப் பிள்ளையை முன்னாடி நிக்கச் சொல்லுங்க." அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பரிமளா கருவறைக்கு நேரே முதல் வரிசையில் நின்றாள், அம்மனின் முகத்தில் வேர்வை துளிர்த்தது.

சங்கடம் தேயிலைக்காரர்களிடமிருந்து வந்தது. உறைபனி புல்லுக்கு நல்லது என்றால் தேயிலைக்கு அது எமன். ஒருநாள் மாலை லிங்கராஜ் நான்கு பேரோடு வந்து வாசலில் நின்றார். இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர், ஊரில் யாருக்கும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர், அவருக்குப் பேச்சை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லம்மா" என்றார். "ஆனா காலையில நீங்க நடந்து போற பாதையோரம் ரெண்டு வரிசைச் செடி கருகிக் கிடக்கு. எங்கப்பா காலத்துல ஒரு வருசம் மொத்தத் தோட்டமும் ஒரே விடியல்ல கருகிப்போச்சு. அவரு செடிக்கு நடுவுல படுத்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேன்னாரு. நாங்க நாலு பேரு சேர்ந்து தூக்கிட்டு வந்தோம். இப்ப நாலு வருசமாத்தான் பயமில்லாம தூங்குறோம்."

"நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்றாள் பரிமளா.

"ஓடைப் பாதை வழியாப் போனா ஒன்றரை மைல் சுத்து. கேக்கவே கூச்சமாத்தான் இருக்கு."

"இதுக்கு எதுக்குக் கூச்சம்? நாளையில இருந்து அப்படியே போறேன்."

லிங்கராஜ் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவள் அரை மணி நேரம் முன்னாலேயே எழுந்து ஓடைப் பாதையில் போனாள். அவள் போன தடத்தில் ஓடையின் கரை மட்டும் கண்ணாடி விளிம்பு கட்டியதுபோல மின்னியது.

அவள் நடந்தாள். மாசி போய்ப் பங்குனி போய்ச் சித்திரை வந்து, மேட்டில் நின்றால் பாறை பாதத்தைச் சுடும் காலத்திலும் அவள்மேல் உறைபனி உறைபனியாகவே இருந்தது, ஆனி ஆடி மழையில் அவள்மேல் விழுந்த துளியெல்லாம் மணியாக உறைந்து, அவள் நடக்கும்போது பாசிமாலை குலுங்குவதுபோல ஓசை கேட்டது, அந்த ஓசைக்கு வரையாடுகள் பழகிப்போய், அவளுக்குப் பத்தடி பின்னால் வரிசையாக, கிடாய் முன்னும் குட்டிகள் நடுவுமாக, அவள் காலடி வெளுத்த இடத்தில் முளைக்கும் இளம்புல்லைக் கடித்துக்கொண்டே வந்தன. அவள் ஒரு மடிப்பின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை குறுக்கும் நெடுக்குமாக உழுவதுபோல நடப்பாள். அவள் நடந்த கோட்டில் சீகை இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் முழங்காலளவு, பிறகு இடுப்பளவு சீகை.

ஐப்பசியில் ஒருநாள் போஜன் பாறையில் உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய், அவருக்குக் குளிராத தூரத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு சார் வருது?"

"அது எதுக்கும்மா உனக்கு."

"நடக்குறவளுக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் நோட்டை மூடினார். "ஒரு நாளைக்கு நாலு ஏக்கர். தினமும் அதே நாலு ஏக்கர் நடந்தாத்தான் அது புல்லா நிக்குது. ஒரு நாள் விட்டா கன்னு வந்துடுது. மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம் ஏக்கர்."

பரிமளா மேட்டைப் பார்த்தாள். "மேல எழுதிக் கேட்டீங்களா?"

"கேட்டேன். இந்த மாதிரி இன்னும் எத்தனை பேரை நியமிக்கலாம்னு திருப்பிக் கேட்டு எழுதியிருக்காங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அவள் எழுந்து நான்கு ஏக்கரில் அன்றைக்கு மிச்சமிருந்ததை நடந்து முடித்தாள்.

வீட்டில்தான் கஷ்டம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உறைபனி வந்த முதல் வாரத்திலேயே சிவகுருவும் மித்ராவும் ஒரு பக்கம், அவள் மறுபக்கம், நடுவில் அரிசி மூட்டை என்று படுக்கத் தொடங்கியிருந்தார்கள். சாதத்தை அவள் கரண்டியால் தூரத்திலிருந்து போடுவாள். மகளுக்குத் தலைவாருவதை மரகதம் செய்தாள். உறைபனி வந்த அடுத்த மாதமே, மாசியில் ஒரு விடியற்காலை, மித்ரா தூக்கத்தில் உருண்டு மூட்டையைத் தாண்டி வந்து, பழைய பழக்கத்தில் அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். பரிமளா விழித்துப் பார்த்து அலறினாள். பிள்ளையின் கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்து, மதியத்துக்குள் சிவந்து கொப்பளித்து, பிறகு தேயிலைக் கொழுந்து கருகுவது போலவே கருகியது. ஸ்டெல்லா சிஸ்டர் மருந்து போட்டாள். ஒரு மாதத்தில் ஆறியது, ஆனால் அந்த இடத்தில் தோல் பளபளப்பாக இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து பரிமளா விறகுக் கொட்டகையில் படுத்தாள். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். சாயங்காலங்களில் மித்ரா அந்தப் பக்கம் பலகையில் முதுகை வைத்து உட்காருவாள், இந்தப் பக்கம் பரிமளா உட்காருவாள்.

"அம்மா, இன்னிக்கு ஸ்கூல்ல என்னைக் கன்னத்துல என்னன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்கம்மா முத்தம் குடுத்தான்னு சொன்னேன்."

பரிமளா பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பலகை இந்தப் பக்கம் வெளுத்து விரிசல்விட்டது.

ஆவணியில் சிவகுருவின் அக்கா மகளுக்கு மேட்டுப்பாளையத்தில் கல்யாணம் நடந்தது. மூவரும் பஸ்ஸில் போனார்கள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய அவள் சீட்டுக்குக் கீழே தண்ணீர் கட்டியது. பாக்குத் தோப்புகள் தொடங்கிய இடத்தில் அவள் முடி கறுத்தது. மண்டபத்து வாசலில் இறங்கும்போது, நனைந்து ஒட்டிய பட்டுப் புடவையோடு, வேர்வை வழிய, அவள் ஒரு சாதாரணப் பெண்ணாக நின்றாள். மித்ரா சந்தேகத்தோடு ஒற்றை விரலால் அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். பிறகு முழுக்கையால் தொட்டாள். பிறகு இடுப்பில் ஏறி உட்கார்ந்தவள் இறங்கவேயில்லை, தாலி கட்டும்போதும் இறங்கவில்லை, பந்தியிலும் இறங்கவில்லை. பரிமளா ஒரு கையால் சாப்பிட்டாள், யார் வந்து வாங்கப்பார்த்தும் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

மறுநாள் திரும்பி வந்தபோது, உறைபனி எட்டாம் மைலுக்கு முந்தைய வளைவில், பஸ்ஸுக்கு நிற்கும் ஆள் மாதிரி காத்துக்கொண்டிருந்தது. பஸ் மெதுவானதும் ஏறி, கடைசி சீட்டுக்கு வந்து அவள்மேல் படிந்தது. அவள் மித்ராவை அவசரமாகச் சிவகுருவின் மடியில் தள்ளிவிட்டாள். பிள்ளை அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

அப்போதே சிவகுரு முடிவு செய்துவிட்டான். கார்த்திகையில் கீழே ஒரு நூல் மில்லில் வேன் ஓட்ட ஆள் கேட்டார்கள். ஒரு அறை வீடும் பார்த்துவிட்டு வந்தான். கொட்டகை வாசலில் நின்று பேசினான்.

"ஒரு வருசம் கீழ இருந்தா அது உன்னை மறந்துடும், பரிமளா. வளைவுல எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"நிக்காதுங்க. போயிடும்."

"போகட்டுமே."

"எங்க போகும்? இங்க அதுக்குத் தங்குறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்."

"மித்ராவுக்கும் நீ ஒருத்திதான் இருக்க."

அவள் பலகைச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவன் குரல் உடைந்தது. "அந்த மேடு நம்மளுதா? நம்ம தாத்தா காலத்துலயா வெச்சுட்டுப் போனாங்க? கல் நட்டவன் வந்து பாக்க மாட்டான், கீழ புகை விடுறவன் வந்து பாக்க மாட்டான். ஏழாயிரம் ஏக்கருக்கு நீ ஒருத்தி எதுக்குடி பதில் சொல்லணும்?"

"பதில் சொல்லலீங்க. என் முதுகுக்குப் பின்னாடி அறுபது ஆடு வருது. நான் நின்னா அதுகளும் நிக்குது. திரும்பிப் பாத்தா என் மூஞ்சியவே பாக்குது. நான் எப்படி அதுகளை விட்டுட்டு பஸ் ஏறுறது?" என்றாள் அவள். பிறகு, "மாசியில அதுக குட்டி போடும். குட்டி நடக்குறவரைக்கும் விடுங்க. பங்குனி முடிஞ்சதும் வந்துடறேன், சத்தியமா" என்றாள்.

இப்போது வர முடியாது என்று அவன் மில்லுக்குச் சொல்லி அனுப்பினான். அவர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த தையிலும் மேட்டில் உறைபனி விழவில்லை. எட்டாம் மைலுக்கு வரும் குடிதண்ணீர்க் குழாயில் நூலாக வந்த தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானது, ஏனென்றால் சீகை வேர் போன இடமெல்லாம் சதுப்பு உலர்ந்தது. மாசி பிறந்தபோது, மேட்டில் யாரும் கேட்டிராத சூடு அடித்தது. சோலைக்குள் இருந்த பாசி பொடியாக உதிர்ந்தது. அப்போதுதான் ஒரு காலையில் பரிமளா தலையைக் கோதியபோது கையில் ஈரம் பட்டது. முன்நெற்றியில் ஒரு கொத்து முடி கறுத்திருந்தது.

முதலில் முடி, அடுத்து இமை, அடுத்து தோள் என்று உறைபனி அவளைவிட்டு இறங்கத் தொடங்கியது. இத்தனை நாள் எப்போது போகும் என்று பலகைச் சுவரில் நெற்றியை வைத்துக் காத்திருந்தவள், அது போகத் தொடங்கியதும் பயந்துபோனாள். வெயிலில் நிற்பதை விட்டாள். சுடுசோறு சாப்பிடுவதை விட்டாள். ஓடையில் கழுத்தளவு உட்கார்ந்து பார்த்தாள். நான்கு ஏக்கர் மூன்றானது, இரண்டானது, ஒன்றானது. போஜன் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் பின்னாலேயே நடந்தார்.

"மிச்சம் இருக்குறதை எங்க வெக்கிறது சார்?" என்று அவள் கேட்டாள், கிண்டிச் செம்பில் கடைசித் தண்ணீர் வைத்திருப்பவள் மாதிரி.

போஜன் கை காட்டினார். இருபத்திரண்டாம் மடிப்பின் தலையில், மூன்று பக்கம் பாறை சூழ்ந்த ஒரு பள்ளம் இருந்தது. பெண் ஆடுகள் குட்டி போட அங்கேதான் ஒதுங்கும். அந்தப் பள்ளத்தில் இளம்புல் இருந்தால்தான் தாய்க்குப் பால் சுரக்கும். கல்யாண மண்டபம் அளவுகூட இராது. அதன் வாயிலும் சீகை வந்து நின்றிருந்தது. பரிமளா தினமும் பொழுது விடியுமுன் அங்கே போய், பள்ளத்தின் வாயில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள், கால் ஓய்ந்தபோது உட்கார்ந்தாள், உட்கார முடியாதபோது படுத்து உருண்டாள். அவளைச் சுற்றி அந்த மாசியில் பதினேழு குட்டிகள் பிறந்தன. ஈரம் காயாத குட்டிகள் அவள்மேல் இடறி விழுந்து எழுந்து நின்றன.

பங்குனி ஏழாம் தேதி உறைபனி அவளுடைய இடது பாதத்தில் மட்டும் இருந்தது. போஜன் எட்டாம் மைலுக்கு ஆள் அனுப்பினார். குட்டி போடும் காலத்தில் பூட்டிவைக்கும் கேட்டை அவரே திறந்துவிட, சிவகுரு ஜீப்பைப் பாதை முடியும்வரை ஓட்டிவந்து, அங்கிருந்து மித்ராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினான். அவர்கள் வந்தபோது அவள் பள்ளத்து வாயில் ஒற்றைக் காலைத் தரையில் அழுத்தி அழுத்தி வைத்து நடந்துகொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்தும் நிற்கவில்லை.

சிவகுரு மகளைப் பாறையில் இறக்கிவிட்டு, தன் சட்டையைக் கழற்றி, பரிமளாவின் தலைக்குமேல் வெயில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு, அவள் போன பக்கமெல்லாம் அவனும் போனான். போஜனும் தொப்பியைக் கழற்றி மறுபக்கம் பிடித்தார். இரண்டு ஆண்களும் அவளும், ஆடுகள் பார்த்திருக்க, அந்தச் சின்ன இடத்தில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பத்து மணிக்கு வெயில் பாறைக்குமேல் வந்தது. அவள் நின்றாள். குனிந்து குதிகாலைத் தடவினாள்.

"போயிடுச்சுங்க" என்றாள்.

மித்ரா பாறையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். ஒற்றை விரலால் தொட்டாள். "அப்பா! அம்மா சூடா இருக்கா!" என்று அந்த மேடு முழுக்கக் கேட்கும்படிக் கத்தினாள். ஆடுகள் மிரண்டு பாறைமேல் ஏறின. பரிமளா மகளை வாரி எடுத்து, கன்னத்தின் இழுத்துக்கொண்ட தோலில் தன் கன்னத்தை வைத்து, இத்தனை நாள் கொடுக்காததையெல்லாம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துப் பிள்ளை அம்மாவின் கண்ணைத் துடைத்தது.

எட்டாம் மைல் அன்றைக்கு முழுக்க ஒன்பதாவது வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் கட்டிப்பிடித்தாள். பூசாரி தேங்காய் உடைத்துக்கொண்டு வந்தார். லிங்கராஜ் பஜாரிலிருந்து ஒரு டப்பா லட்டு வாங்கிவந்து, "இனிமே நீங்க நேர்பாதையிலயே போலாம்மா" என்றார், மனதார. எல்லோரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். எல்லோருக்கும் பரிமளா டீ கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு, வந்தவர்கள் தங்களையறியாமல் செருப்பைத் துக்க வீட்டில் விடுவதுபோல வாசலுக்கு வெகுதூரத்திலேயே கழற்றிவிட்டு வந்திருந்ததையும், போகும்போது ஒருவர்கூடப் போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனதையும் சிவகுரு கவனித்தான். போஜன் மட்டும் வரவில்லை.

கீழே வேறு வேலைக்குச் சொல்லியிருப்பதாகவும், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்விடலாம் என்றும் சிவகுரு சொன்னான். "போலாம்" என்றாள் பரிமளா. அவள் கொடுத்த வாக்கு அது. போவதற்கு இரண்டு நாள் முன்னால், யாரும் கூப்பிடாமலே, மரகதத்தோடும் மற்றவர்களோடும் கன்று பிடுங்கப் போனாள். இருபத்திரண்டாம் மடிப்புக்குப் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை, ஆனால் கால் அங்கேதான் போனது.

பள்ளத்தில் ஆடுகள் இல்லை. இரண்டு மாதக் குட்டிகளை இழுத்துக்கொண்டு அவை செங்குத்துப் பாறைக்கு ஏறிவிட்டிருந்தன, அதற்குமேல் ஏற மலை இல்லை. பள்ளத்தின் வாயிலும் நடுவிலும் சீகை நெருக்கமாக, ஒரே உயரத்துக்கு, இளம்பச்சையில் முளைத்திருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

பரிமளா குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். வேர் நீளமாக வந்தது. அது வந்த குழிக்குள் கையை விட்டாள். மண் அவள் கையைவிடச் சூடாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தவள் போல, தன் கையில் குளிர்விக்க ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தும், அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.